வெற்றுத் தாள் பேசிற்று!

"ஆங்கிலேயர் ஆட்சியால் விளைந்த நன்மைகள் ஐந்தும் தீமைகள் ஐந்தும் எழுதுக."

பத்து மதிப்பெண் வினா! கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் நன்மை, வலப்புறம் தீமை. இருப்புப் பாதை நன்மை, வரிச்சுமை தீமை. அஞ்சலும் தந்தியும் நன்மை. கைத்தொழிலின் நலிவு தீமை. ஐந்துக்கு ஐந்து! தராசின் தட்டுகள் இரண்டும் சமம். முள் நடுவிலே நிற்கிறது. மாணவன் மதிப்பெண் பெறுகிறான். ஆசிரியன் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கைத்தூசு தட்டுகிறான். ஏகாதிபத்தியம் பற்றிய பாடம் இனிதே முடிந்தது!

அந்த ஆசிரியன் வேறு யாருமல்லன், தோழர்களே, நான்தான். செங்கற்பட்டை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியிலே பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன். நடுநிலை பேணுகிறேன் என்று நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தவன். இருபுறமும் சமமாக எழுதுவதே நடுநிலை என்று எண்ணியிருந்த என் ஏமாளித்தனத்தை, எனக்கு எடுத்துக் காட்டியவர்கள் என் மாணவர்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று எழுதுகோல் எடுத்தேன்.

ஒரு நாள், பத்தாம் வகுப்பிலே இந்தப் பட்டியலை எழுதிக் கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, 1856-ஆம் ஆண்டிலேயே இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியது என்றீர்கள். இருபது ஆண்டு கழித்துத் தாது வருடப் பஞ்சம் வந்தது என்றும் சொன்னீர்கள். இரயில்தான் இருந்ததே, ஐயா! பிறகு ஏன் மக்கள் பட்டினியால் மாண்டார்கள்?"

நன்மைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இருப்புப் பாதை, ஒரு சிறுமியின் ஒரே கேள்வியில் தடம் புரண்டது! என்னிடம் விடையில்லை. "நேரமாகிவிட்டது, நாளை பார்ப்போம்" என்றேன். மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

அன்றிரவு படித்தேன், அடுத்து வந்த இரவுகளிலும் படித்தேன். அந்நாளில் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஏட்டின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, அந்தப் பஞ்சத்தைக் குறித்து 1878-இல் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளைத் தேடிப் பிடித்தேன். படிக்கப் படிக்க, என் கரும்பலகைக் கோடு எவ்வளவு பொய்யானது என்பது புலனாயிற்று.

1876-இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் போதிய மழை இல்லை. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று பரவிய பஞ்சத்தில் மாண்டவர் 50 இலட்சத்துக்கும் மேல். இரயில் ஓடவில்லையா? ஓடிற்று! தானியம் வரவில்லையா? வந்தது! ஆனால் விலையேறி வந்தது. விளைச்சலற்ற வயலில் வேலையில்லை; வேலையற்றவன் கையில் கூலியில்லை; கூலியற்றவன் கண்முன்னே மூட்டை இருந்தென்ன, மலை இருந்தென்ன? சென்னை அரசு முன்கூட்டித் தானியம் வாங்கிச் சேமிக்க முயன்றபோது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று கண்டித்தது மேலிடம். அதே காலத்தில், இந்தியத் துறைமுகங்களிலிருந்து 3 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. இரயில் வண்டி சுமையைச் சுமக்கும். யாருக்குச் சுமக்கிறது என்பதை வண்டியா முடிவு செய்யும்?

மறுநாள் மளிகைக் கடையிலிருந்து ஒரு தராசும் ஒரு பை அரிசியும் இரவல் வாங்கி வகுப்புக்குப் போனேன். மாணவர்கள் வியப்போடு பார்த்தனர். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் அரிசியை நிறுத்து மேசைமேல் கொட்டினேன்.

"நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமந்த ஒரு முழு ஆளுக்கு, 1877-இன் தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலையில் அளந்த கூலி இது. இதோடு ஓரணா. பெண்ணுக்கும் சிறுவருக்கும் இன்னும் குறைவு" என்றேன்.

வகுப்பு வாயடைத்து நின்றது. "எங்கள் அண்ணன் செங்கற்சூளையில் வேலை செய்கிறார். இந்த அரிசி அவருக்கு ஒரு பொழுதுக்குத்தான் காணும், ஐயா" என்றாள் ஒருத்தி. புள்ளிவிவரம் அன்றுதான் சோறாக மாறி என் மாணவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அதன்பின் வகுப்பை வழக்காடு மன்றமாக்கினேன். பட்டிமன்றத்திலே அணிகள் இரண்டு. நான் ஐந்து அணிகள் வகுத்தேன். முதல் அணி, வைசிராய் லிட்டன். இரண்டாவது, பஞ்ச நிலை காண அவர் சென்னைக்கு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். மூன்றாவது, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். நான்காவது, நம் ஊர்த் தானிய வணிகர். ஐந்தாவது, கல்லுடைத்த கூலிக்காரர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாள் கொடுத்தேன். அவரவர் சொன்னதும் செய்ததும் அதிலே. எவரையும் கேலிச்சித்திரமாக்கக் கூடாது. அந்த மனிதர் தம் பக்க நியாயத்தை எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லவேண்டும் என்பது விதி. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: நீ யார்? நீ சொல்வதை நாங்கள் நம்பினால் உனக்கு என்ன ஆதாயம்? உன் கண்ணுக்குப் படாமற்போனவர் யார்?

லிட்டனாக வந்த மாணவன் வெளுத்து வாங்கினான்! "அரசு சந்தையில் கைவைத்தால் வணிகர் ஒதுங்குவர், தானிய வரத்து நிற்கும், சாவு பெருகும். பொருளாதார நூலோர் சொன்னதையே செய்தேன். நான் கொடியவன் அல்லன்" என்றான். உடனே எதிரணி எழுந்தது: "1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசிக்குப் பேரரசி என்று தில்லியிலே பட்டம் சாற்றினீரே, அந்தக் கொண்டாட்டத்துக்கு மட்டும் கருவூலம் திறந்ததா?" பட்டம் சூட்டும் விழா பட்டணத்திலே, பட்டினிச் சாவு பட்டிதொட்டியெல்லாம்! லிட்டனிடம் விடையில்லை.

டெம்பிளாக வந்தவள் எல்லாரையும் திகைக்க வைத்தாள். "1874-இல் பீகாரிலும் வங்கத்திலும் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவன் நான். சாவு மிகக் குறைவு. எனக்குக் கிடைத்த பரிசு என்ன? ஊதாரி என்ற ஏச்சு! மூன்றாண்டு கழித்துச் சென்னைக்கு வந்தேன், சிக்கனம் காட்டினேன், ஒரு பவுண்டு போதும் என்றேன். அதே 1877-இல் பம்பாய் ஆளுநரானேன்!"

பார்த்தீர்களா, தோழர்களே! ஒரே மனிதன், உயிர் காத்தபோது வசை, வயிற்றைச் சுருக்கியபின் உயர்வு. ஏகாதிபத்தியம் என்பது கொடிய மனம் படைத்த சிலரின் கூட்டம் மட்டுமன்று. நல்லவனையும் தன் அளவுக்கு வெட்டித் தைக்கும் ஓர் அமைப்பு. பத்துப் பக்கச் சொற்பொழிவில் நான் விளக்க முடியாததை, பதினைந்து வயதுச் சிறுமி ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிட்டாள்.

கார்னிஷ் அணி எழுந்தது. அவரும் வெள்ளையர்தாம், அரசின் ஊழியர்தாம். எனினும் இந்தக் கூலி உழைப்பவன் உடலைக் கரைத்துவிடும் என்று எழுதினார், எதிர்த்தார், ஓயாது வாதிட்டார். 1877 மார்ச்சில் சென்னை அரசு அளவை ஒன்றேகால் பவுண்டாக்கிச் சிறிது பருப்பும் சேர்த்தது. "அப்படியானால் வெள்ளைக்காரரிலும் நல்லவர் உண்டா, ஐயா?" என்று ஒருவன் கேட்டான். உண்டு என்றேன். வணிகர் அணியோ, "சட்டப்படி வாங்கினோம், சட்டப்படி விற்றோம், விலையேறியது எங்கள் குற்றமா?" என்று கேட்டது. வெள்ளையன் வகுத்த சந்தை விதியின் நிழலிலே நம்மவர் கிடங்கும் கொழுத்தது என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடித்தனர்.

கடைசியாகக் கூலிக்காரர். அந்த வேடம் ஏற்றவன் சேரியிலிருந்து வந்த ஒரு மாணவன், அதிகம் பேசாதவன். எழுந்தான். கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, என் தாளில் ஒன்றுமே எழுதவில்லையே!"

ஆம், எழுதவில்லை. வைசிராயின் கடிதம் கிடைத்தது. டெம்பிளின் குறிப்பு கிடைத்தது. மருத்துவரின் மறுப்புரை கிடைத்தது. கல்லுடைத்தவன் தன் கைப்பட எழுதிய ஒரு வரியை நான் காணவில்லை. அவன் உருவம் இருக்கிறது: ஊப்பர் என்ற படை அதிகாரி எடுத்த நிழற்படங்களிலே எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கிறான். பெயர் இல்லை, பேச்சும் இல்லை. அவன் உழைப்பு இருக்கிறது: கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 1877-78-இல் பஞ்ச வேலையாக வெட்டிய கால்வாய். அதற்குப் பெயர் யார் பெயர்? ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்! வெட்டியவன் வெற்றுத் தாள். வீற்றிருந்தவன் பெயர்ப் பலகை!

இதையெல்லாம் அன்றே சொல்லியிருந்தால் நான் நல்லாசிரியன். நான் சொன்னது என்ன தெரியுமா? "உனக்குத் தோன்றியதைப் பேசு" என்றேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எங்கள் தாத்தா, 'நமக்கு நிலம் கொடுத்தவன் வெள்ளைக்காரன்தான்' என்று சொல்லுவார், ஐயா."

வகுப்பிலே சிரிப்பு. ஒருவன், "வெள்ளைக்காரனின் வக்கீல்!" என்றான். நானோ, வழக்கு திசைமாறுகிறதே என்ற எரிச்சலில், "அது இந்த வழக்கிலே இல்லை. உட்கார்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். பல பார்வைகளைக் கேட்கிறேன் என்று மன்றம் கூட்டிய நான், என் திட்டத்துக்குப் பொருந்தாத பார்வை ஒன்று வந்ததும் வாயை மூடச் சொன்னேன்! லிட்டனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தவன், கூலிக்காரனுக்கு அரை நிமிடம் கொடுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டு வெற்றுத் தாளிலே நானும் என் பங்குக்கு ஒரு வெள்ளைப் பூச்சு பூசினேன்.

உறுத்தல் தாளாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீடு தேடிப் போனேன். தாத்தா திண்ணையில் இருந்தார். "வாங்க ஐயா, உட்காருங்க" என்று பாய் விரித்தார். பேரன் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். எழுந்து என்னை ஊர்க்கோடிக்கு அழைத்துப் போய்க் கைநீட்டிக் காட்டினார். முள்வேலி போட்ட ஒரு நிலம்.

"அதோ தெரியுது பாருங்க, அதுதான் எங்க பாட்டன் காலத்திலே கெடைச்ச நெலம்."

"இப்போது யார் கையில் இருக்கிறது, தாத்தா?"

"எங்க கையிலே இல்லீங்க. பேரு மட்டும் எங்களோடது. பஞ்சமி நெலம்."

மீண்டும் படித்தேன். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பறையர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தரிசு நிலத்துக்கு மனுச் செய்தாலும் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்று தடுத்ததையும், குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லாத நிலையையும் அதிலே விரித்துரைத்தார். 1892-இல் சென்னை அரசு ஆணையிட்டது: ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்படும், அதைப் பிறருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது. தாத்தா சொன்னது பொய்யன்று!

திங்களன்று வகுப்பில் முதலில் அந்த மாணவனிடம், "அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு, தம்பி" என்றேன். பிறகு மன்றத்தை மீண்டும் கூட்டி, ஆறாவது சாட்சியாக ட்ரெமென்ஹீரை அழைத்தேன்.

புயல் கிளம்பிற்று! "அப்படியானால் வெள்ளைக்காரன் ஆண்டது நல்லது என்று எழுதட்டுமா, ஐயா? அவனை விரட்டப் போராடியவர்கள் எல்லாம் முட்டாள்களா?" என்று கொதித்தான் ஒருவன், நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. "உங்கள் பாட்டன் மிராசுதாராய் இருந்தால் அப்படித்தான் பேசுவாய்" என்றது இன்னொரு மூலை. அடக்கலாமா என்று நினைத்தேன். அடக்கவில்லை. கரும்பலகையில் அந்த மூன்று கேள்விகளை மட்டும் மீண்டும் எழுதினேன்.

இரயிலைப் பற்றிக் கேட்ட அதே மாணவிதான் முடிச்சை அவிழ்த்தாள். "ஐயா, செங்கற்பட்டுச் சீமை கும்பெனியின் கைக்கு எப்போது வந்தது?"

"1763-இல் ஆர்க்காட்டு நவாபு கொடுத்தார்."

"நிலம் கொடுக்க ஆணை 1892-இல். இடையிலே நூற்றிருபத்தொன்பது ஆண்டு! அவ்வளவு காலம் மிராசுதாரரின் உரிமையைக் காத்து நின்ற அரசு எது?"

அதுவும் இதே அரசுதான்! வரி வசூலுக்கு மிராசுதாரர் தேவைப்பட்டபோது மிராசைக் காத்தது. மனச்சான்றுள்ள ஓர் அதிகாரி எழுதியபோது, கிறித்தவத் தொண்டர்கள் குரல் கொடுத்தபோது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மக்களே எழுந்தபோது சிறிது இளகிற்று. ஆம், அந்த மக்களே! 1891-இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரையே கொடியாக உயர்த்தி ஏடு நடத்தினார். 'கொடுத்தான் வெள்ளைக்காரன்' என்ற சொல்லுக்குப் பின்னே, 'கேட்டார்கள் நம் மக்கள்' என்ற சொல் மறைந்து கிடந்தது.

கொதித்த பிள்ளையின் கேள்விக்கும் விடை வேண்டுமல்லவா? "போராடியவர்கள் முட்டாள்கள் அல்லர்" என்றேன். "அந்நியன் நம்மை ஆளலாகாது என்றவர் சொன்னது உண்மை. ஆனால், அந்நியன் போனபின் அந்த நிலம் என்ன ஆயிற்று? விற்கக் கூடாத நிலம் வேலிக்குள் எப்படிப் போயிற்று? 1994-இல் இதே செங்கற்பட்டிலே பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் உயிர் நீத்தனர். அப்போது ஆண்டவன் வெள்ளையன் அல்லன். இந்த உண்மையைச் சொல்வதால் முதல் உண்மை பொய்யாகிவிடாது. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைக்கவும் கூடாது." அவன் தலை கவிழ்ந்து நெடுநேரம் எண்ணிக் கொண்டிருந்தான். ஒப்புக்கொண்டானோ இல்லையோ, அறியேன். எண்ணினான், எனக்கு அது போதும்.

பிறகு அந்த மாணவன் எழுந்தான். வெற்றுத் தாள் இன்னும் அவன் கையில் இருந்தது. கூலிக்காரராகவே பேசினான்:

"எனக்கு ஒரு பவுண்டு போதும் என்று எழுதியபோது என்னைக் கேட்கவில்லை. என் தானியத்தைக் கப்பலில் ஏற்றியபோதும் கேட்கவில்லை. நிலம் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். எங்கே, எவ்வளவு என்பதை அவர்கள்தாம் முடிவு செய்தார்கள். அதைப் பிடுங்கிக் கொண்ட நம் ஊர்க்காரரும் எங்களைக் கேட்கவில்லை. எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவு செய்பவர் யாராயிருந்தாலும், அவர் நிறம் எதுவாயிருந்தாலும், எனக்கு அவர் துரைதான்."

கைதட்டல் இல்லை, ஓர் அமைதி நிலவிற்று. எத்தனையோ நூல்களில் ஏகாதிபத்தியத்துக்கு இலக்கணம் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

பகுத்தறிவுப் பாதையில் நடைபோடும் இளைஞர்களே! பல கோணங்களில் பார்ப்பது என்றால், கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஆளுக்குப் பாதி நியாயம் பங்கிட்டுக் கொடுப்பதன்று. எல்லாச் சாட்சிகளையும் கூண்டிலேற்றி ஒரே கேள்வியால் குடைவது. அப்படிக் குடைந்தால், 'வெள்ளையன் வந்து நம்மை வாழ வைத்தான்' என்ற பொய்யும் உடையும். 'அவன் வருமுன் நாம் எல்லாரும் உடன்பிறப்பாய் வாழ்ந்தோம்' என்ற பொய்யும் உடையும். ஒரு பொய்யை மட்டும் உடைத்துவிட்டு மற்றதன் நிழலில் இளைப்பாறுபவன் பகுத்தறிவாளன் அல்லன், பாதி அறிவாளன்.

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, மாலை வகுப்பிலே, மேடையிலே வரலாறு பேசும்போது, ஆவணம் வைத்திருப்பவனின் குரல் தானாகவே கேட்கும். ஆவணமற்றவனின் தாளை நீங்கள்தாம் தேடிப் போய்க் கேட்கவேண்டும். அவன் சொல்வது உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலாக இருக்கலாம். என்னைப்போல் 'உட்கார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

அந்த ஆண்டுத் தேர்விலும் அதே பழைய வினா வந்தது: நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து. இரயிலைப் பற்றிக் கேட்ட மாணவி நடுவே கோடு போடவில்லை. வினாவை அப்படியே எழுதி, அதன் கீழே ஒரு சொல்லைச் சேர்த்து அடிக்கோடிட்டு, பிறகு விடை எழுதத் தொடங்கியிருந்தாள்.

அந்தச் சொல்: "யாருக்கு?"

பத்துக்குப் பத்து வழங்கினேன்.